பழைய கார் எஞ்சினில் ஆயில் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், அம்பாசடர் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே எதையாவது கழற்றி மாற்றுவதில்தான் ஏராளமான காசு கரைகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் கணிசமான பங்கு, தேடுவதைப் பற்றித்தான்.

காலையில் வண்டியை எடுத்தால் தரையில் கறை. அது எஞ்சின் ஆயில்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். எந்தச் சக்கரம் எங்கே நின்றது என்று அதன்மேல் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கறையின் இடமும் நிறமும் கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் ஆயில் இன்னும் கெட்டி, கந்தக வாடை அடிக்கும். ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், விரலில் தொட்டால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்காது. சக்கரத்தின் உள்பக்கமோ பெடல் பக்கமோ தெளிவான, மெல்லிய, பெயின்டை உரிக்கும் திரவம் கசிந்தால் அது பிரேக் ஆயில். அந்த வண்டியைச் சரிசெய்யும்வரை எடுக்கவே கூடாது. ஏசி ஓடிய பிறகு சொட்டும் தண்ணீருக்குக் கவலையே வேண்டாம்.

என் வண்டி முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் எப்படிக் கசியும்?

ரப்பர் கிலோமீட்டரை மட்டும் பார்த்து வயதாவதில்லை. பழைய எஞ்சின்களின் ஆயில் சீல்கள், அதாவது சுற்றும் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையங்கள், பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். சூடும் ஆயிலும் காலமும் சேர்ந்து அதை இறுக வைத்துவிடும். ஷாஃப்டை அணைத்துப் பிடிக்க வேண்டிய உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போகும். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் நடுவே வைக்கும் கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கும். கடைசி மாருதி 800 வெளிவந்தது 2014 ஜனவரியில். இருப்பதிலேயே இளைய வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும் வண்டி, தினமும் ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் கசியத் தொடங்குவதும் உண்டு. சீலின் உதடு ஆயில் படாமல் காய்ந்து கிடப்பதுதான் காரணம்.

ராத்திரிக்கு நாலைந்து சொட்டு விழுகிறது. உடனே பார்க்க வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோராயமாக 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. ராத்திரிக்கு 5 சொட்டு என்றால் மாதத்துக்கு 7 அல்லது 8 மில்லி. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் தெரியவே தெரியாத அளவு.

ஆனால் ஓடும்போது 50 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தால் 1,000 கிலோமீட்டரில் 20,000 சொட்டு, அதாவது 1 லிட்டர். மாருதி 800 எஞ்சினில் இருப்பதே மொத்தம் சுமார் 3 லிட்டர்தான். எஞ்சின் ஓடும்போது ஆயில் சூடாகி இளகியிருக்கும், பம்ப்பின் அழுத்தமும் இருக்கும். நின்றபின் தரையில் தெரியும் கறையை வைத்துக் கசிவை எடைபோட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வாரம் ஒரு முறை, சமதளத்தில், எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக் பாருங்கள். அளவையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தரைக்கறை சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.

மூன்று கசிவுகளைத் தள்ளிப்போடக் கூடாது. சைலன்சர் மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் குழாய்) மேல் விழும் ஆயில், டைமிங் பெல்ட்டில் (கிராங்க் ஷாஃப்டிலிருந்து கேம் ஷாஃப்டைச் சுற்றவைக்கும் பல் பெல்ட்) படும் ஆயில், கிளட்ச் பிளேட்டை நனைக்கும் ஆயில். முதலாவதில் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. எஞ்சின் ஆயிலின் ஆவி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பற்றக்கூடியது, மேனிஃபோல்டோ அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். போனட்டிலிருந்து புகையும் தீய்ந்த வாடையும் வந்தால் நாள் பார்க்காதீர்கள்.

ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்ற எண்ணத்தில் பேரிங் போய் எஞ்சின் பிடித்துக்கொண்ட வண்டிகள் எத்தனையோ.

ஆயில் குறைகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லையே?

இரண்டில் ஒன்று. ஓடும்போது மட்டும் கசிந்து காற்றில் பறந்து வண்டியின் அடியில் படிகிறது, அல்லது எஞ்சினுக்குள் எரிகிறது. வண்டியின் அடிப்பகுதி எஞ்சினிலிருந்து பின்னோக்கி ஈரமாக, மண் அப்பிக் கிடந்தால் முதலாவது. அடிப்பாகம் காய்ந்திருந்தால் சைலன்சரைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் போயிருக்கும். மேடேறும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் தொடர்ந்து நீலப்புகை என்றால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். எரியும் ஆயிலுக்கு வெளியில் எந்தப் பேக்கிங்கை மாற்றியும் பலன் இல்லை.

சரி, கசிவு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுத்தம் செய்த பிறகுதான் தேட வேண்டும். இருபது வருட அழுக்கு அப்பிய எஞ்சினைப் பார்த்து 'இந்த சீல்தான்' என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

ஆயில் இரண்டு வழியில் பயணம் செய்யும். நின்றிருக்கும்போது கீழ்நோக்கி வழியும். ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் ஓரத்தில் கசியும் ஆயில் பிளாக்கின் பக்கவாட்டில் இறங்கி, அடியில் ஆயில் தேங்கும் சேம்பரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போய், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் பிளக்கில் தொங்கிச் சொட்டும். பார்ப்பவர் ட்ரெயின் பிளக்கை இறுக்குவார். அடுத்த வாரம் இன்னும் இறுக்குவார். கடைசியில் மரை போய்விடும்.

எஞ்சினில் ஈரமாக இருக்கும் இடங்களிலேயே மிக உயரமான, அதோடு காற்று வரும் திசைக்கு முன்னால் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குக் கீழேயும் பின்னேயும் இருக்கும் ஈரமெல்லாம் வழிந்து வந்ததாக இருக்கலாம். மேலே இருப்பதைச் சரிசெய்து, மறுபடி துடைத்து, மறுபடி பாருங்கள். பழைய எஞ்சினில் கசிவு ஒன்றோடு நிற்காது. முதலாவது நின்ற பிறகுதான் இரண்டாவது தெரியும். பொறுமை இல்லாதவர்கள் முதல் வேலை பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சுத்தம் செய்ததும் எஞ்சினை ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ராத்திரி முழுக்க நிற்கவிட்டுக் காலையில் பாருங்கள். சில கசிவுகள் சூட்டில்தான் வரும், சில எஞ்சின் ஆறி உலோகம் சுருங்கும்போது வரும். கண் எட்டாத இடத்துக்குச் சின்னக் கைக்கண்ணாடி போதும். செல்போன் கேமராவை நீட்டி வீடியோ எடுப்பது இன்னும் வசதி.

வண்டிக்கு அடியில் போவதென்றால் பிட் உள்ள இடத்தில் பாருங்கள், அல்லது ஸ்டாண்ட் வைத்துத் தாங்கிய பிறகு போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை நீட்டாதீர்கள். நழுவிய ஜாக்கி உயிரை எடுத்துவிடும்.

எஞ்சினை எதால் கழுவலாம்? வாட்டர் வாஷ் விடலாமா?

பழைய பெயின்ட் பிரஷ், கொஞ்சம் டீசல், நிறைய பனியன் வேஸ்ட். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மேலிருந்து கீழாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். கடைகளில் விற்கும் டீகிரீசர் இருந்தால் இன்னும் நல்லது. பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய ஷெட்டில் அதன் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

பிரஷர் வாட்டர் வாஷை நான் சிபாரிசு செய்வதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய், வயர் கனெக்டர் எல்லாவற்றிலும் தண்ணீர் புகும். டீசல் பட்ட ரப்பர் பெல்ட்டையும் ஹோஸ்களையும் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

துடைத்தும் தெரியவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு, இரண்டு. சந்தேகப்படும் இடத்தைச் சுத்தமாகக் காயவைத்து முகப்பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டினால் ஆயில் வரும் இடத்தில் பவுடர் நனைந்து கறுப்பாகக் கோடு விழும். கோட்டின் மேல்முனைதான் கசியும் இடம். சுற்றும் பெல்ட் அருகிலும் ஏர் கிளீனர் வாய்ப் பக்கமும் தூவக் கூடாது.

இன்னொன்று யூவி டை. எஞ்சின் ஆயிலுக்கென்றே விற்கும் சாயத்தைச் சில மில்லி ஊற்றி, ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிந்த ஆயில் பச்சை மஞ்சளாக ஒளிரும். கூடவே வரும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவு. பல இடத்தில் ஒரே சமயம் கசியும் எஞ்சினுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பழைய கறையைத் துடைக்காமல் ஊற்றினாலும் புதிதாக வரும் ஆயில் மட்டும்தான் ஒளிரும்.

புது சீல் போட்டு மூன்று மாதத்தில் மறுபடி கசிகிறது. சீல் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். அதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். பழைய எஞ்சின்களில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி இதுதான்.

எரியும் வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுத்து ஏர் கிளீனர் அல்லது இன்டேக் வழியாக மறுபடி எரிய அனுப்பத்தான் பிரீதர் ஹோஸும் பிசிவி வால்வும். அந்தக் குழாய் கசடு கட்டி அடைத்துக்கொண்டால் வாயு உள்ளேயே தேங்கும். அழுத்தம் ஏறும். எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அதை மாற்றினால் அடுத்த பலவீனமான சீல் வழியாக வரும்.

சோதிப்பது எளிது. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு துண்டுக் காகிதத்தை வையுங்கள். காகிதம் லேசாக உள்ளே இழுபட்டாலோ சும்மா கிடந்தாலோ நல்லது. 'புஸ் புஸ்' என்று தூக்கியடித்தால் அழுத்தம் இருக்கிறது. ஹோஸைக் கழற்றி டீசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள். பிசிவி வால்வ் உள்ள வண்டியில் அதைக் கழற்றிக் குலுக்கினால் 'கடகட' என்று சத்தம் வர வேண்டும்.

எல்லாம் சுத்தமான பிறகும் காகிதம் பறந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்து, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது ஏறினால் ரிங்தான். அந்த நிலையில் வெளிச் சீல்களுக்குச் செலவு செய்வதைவிட எஞ்சின் வேலைக்குப் பணம் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

டேப்பெட் கவர் பேக்கிங்கை நானே மாற்றலாமா?

தாராளமாக. வீட்டில் செய்யத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலையே இதுதான். மாருதி வண்டிகளில் அதிகம் கசியும் இடமும் இதுதான்.

கவரைக் கழற்றியதும் பழைய பேக்கிங்கின் மிச்சத்தை மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம், ஸ்க்ரூடிரைவர் முனை கீறினால் அந்தக் கீறலே புதுக் கசிவாகிவிடும். துகள்கள் எஞ்சினுக்குள் விழாமல் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். இரண்டு முகங்களையும் கடைசியாகத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள்.

ரப்பர் பேக்கிங்குக்கு அனபாண்ட் (டியூபில் வரும் சீலன்ட் பசை) முழுக்கத் தடவ வேண்டிய அவசியம் இல்லை. தடவினால் இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கும். கேம் ஷாஃப்டின் வளைவு தட்டையான முகத்தோடு சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வையுங்கள். கவர் நட்டுகளின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பேக்கிங் புதிதாக இருந்தும் கசிகிறது என்று வரும் வண்டிகளில் அந்த வாஷர் கல்லாக இறுகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இறுக்குவதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். கசிந்தால் இன்னும் இறுக்கு என்பது கைப்பழக்கமாகிவிட்டது. டேப்பெட் கவர் நட்டுக்கு மிகக் குறைந்த இறுக்கமே போதும். எல்லா நட்டையும் கையால் முடுக்கி, நடுவிலிருந்து ஓரங்களுக்கு மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். பேக்கிங் உட்கார்ந்து லேசாக எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தகட்டுக் கவர் வளைந்துவிட்டால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. வளைந்த கவரைச் சமதளக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் எங்கே தூக்குகிறது என்று தெரியும். போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருந்தால் மரக்கட்டையில் கவிழ்த்து வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கலாம்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கில் ஆயில் சொட்டுகிறது. கியர் பாக்ஸை இறக்கி பேக் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனை சீல்) மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் மேலே பாருங்கள். சீலின் விலை சொற்பம், கூலிதான் பெரிது. தவறாக இறக்கினால் அத்தனையும் வீண்.

கார்புரேட்டர் மாருதி 800இல், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கேம் ஷாஃப்டால் ஓடுகிறது. சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருக்கும் ஓ-ரிங் இறுகிவிட்டால் ஆயில் நேராகக் கீழே இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றி வழிந்து, பேக் சீல் போன மாதிரியே சொட்டும். டேப்பெட் கவரின் அந்தப் பக்க மூலையில் கசிந்தாலும் இதே கதைதான். சில ரூபாய் ஓ-ரிங்கில் முடிய வேண்டிய வேலைக்குக் கியர் பாக்ஸ் இறங்கியிருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் அதன் உடம்பும் ஹெட்டும் சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இடத்திலேயே பூட்டினாலும் டைமிங் லைட் வைத்து ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது, பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்துதான் வருகிறது என்று உறுதியானால் சொட்டை முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை இருந்தால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல். இல்லையென்றால் கிராங்கின் பேக் சீல். எதுவானாலும் கியர் பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். இறக்கியதும் இரண்டு சீலையும் மாற்றுங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆயில் நனைந்த கிளட்ச் பிளேட்டைக் கழுவிப் போடுவதில் அர்த்தமில்லை. உராயும் பரப்பு ஆயிலை உறிஞ்சிவிட்டால் சூடேறும்போது மறுபடி வழுக்கும்.

ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்து கசிகிறது. என்ன ஆகியிருக்கும்?

மூன்று இடம் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ஃபில்டர் ஏறியிருக்கலாம். இரண்டு வளையம் சேர்ந்தால் அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு சில நிமிடத்தில் எஞ்சினே காலியாகிவிடும். இது தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அடுத்து ட்ரெயின் பிளக்கின் வாஷர். ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். மூன்றாவது ஊற்றும்போது சிந்தியது, அதைத் துடைத்தால் தீர்ந்தது.

ஃபில்டரைப் பூட்டும்போது வளையத்தில் புது ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று போதும். ஸ்பேனர் எதற்கும் வேண்டாம்.

ஆயில் பிரஷர் சுவிட்ச் கசியுமா?

கசியும், அடிக்கடி. வயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் நின்றால் சுவிட்ச் போய்விட்டது. விலை குறைந்த பாகம், மாற்றுவதும் சுலபம். மரையில் டெஃப்லான் டேப்பை மொத்தமாகச் சுற்றாதீர்கள். சுவிட்ச் தன் உடம்பின் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது, டேப் அதைத் தடுத்தால் விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியாது.

டைமிங் பெல்ட் பக்கம் ஈரமாக இருக்கிறது. ஓட்டலாமா?

தள்ளிப்போடாதீர்கள். ஆயில் ஊறிய பெல்ட் உப்பும், பல் உதிரும், ஓடும்போது அறுந்தால் எஞ்சின் நின்ற இடத்தில் நிற்கும். அந்தப் பக்கம் கேம் சீல், கிராங்கின் முன் சீல், ஆயில் பம்ப் பேக்கிங் மூன்றும் இருக்கின்றன. கவரின் மேல்பாதியிலேயே ஈரம் என்றால் கேம் சீலாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழ்ப்பாதியில் மட்டும் என்றால் கிராங்க் சீலையும் பம்ப்பையும் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிய கையோடு இரண்டு சீலையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். ஆயில் பட்ட பெல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது.

சீல் வைக்கும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, சீலின் விட்டத்துக்குச் சரியான பைப்பையோ பெரிய சாக்கெட்டையோ வைத்துச் சமமாகத் தட்டுங்கள். பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது சீலும் நிற்காது. இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி உட்கார வைத்து, உதடு புதுப் பரப்பில் படும்படி செய்யலாம். முடியாவிட்டால் லேத் பட்டறையில் மெல்லிய ஸ்லீவ் போட்டுத் தருவார்கள்.

சேம்பர் பேக்கிங்குக்குப் பதிலாக அனபாண்ட் மட்டும் போடலாமா?

எந்த எஞ்சினுக்கு எது என்று கம்பெனி மேனுவல் சொல்கிறதோ அதுதான். சிலிகான் சீலன்ட் போடும் இடமானால் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உள்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்குவது காய்ந்து உதிர்ந்து ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெயினரை (சல்லடையை) அடைக்கும். கசிவைத் தடுக்கப் போய் எஞ்சினையே இழக்கும் வழி அது. ஆயில் ஊற்றுவதற்கு முன் டியூபில் எழுதியிருக்கும் நேரம் காயவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் ஒரு நாள் முழுக்க விடுவது நல்லது.

போல்ட்டுகள் சின்னவை. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். வெளியிலிருந்து எம்சீல் அப்புவது தற்காலிக ஒட்டுதான், ஊர் போய்ச் சேரும்வரை தாங்கலாம்.

அம்பாசடரில் என்ன செய்தும் பின்பக்கம் கசிகிறதே?

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி கம்பெனியுடைய பி-சீரிஸ் வகை. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்றைய எஞ்சின்களைப் போல ரப்பர் உதடுள்ள சீல் அதில் இல்லை. ஷாஃப்டிலேயே திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்நோக்கித் திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றுவிட்டால் திருப்பி அனுப்ப ஏதுமில்லை, கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். அது வடிவமைப்பிலேயே இருக்கிறது. மெயின் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலோ பிரீதர் அடைத்து அழுத்தம் ஏறினாலோ சொட்டு ஒழுக்காக மாறும். ஆகவே அம்பாசடரில் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள்.

பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டேப்பெட் சைடு கவர்களின் கார்க் பேக்கிங் போனாலும் ஆயில் பின்னோக்கி வழிந்து பேக் சீல் மாதிரியே ஏமாற்றும். மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இந்த எஞ்சினை முழுக்கக் காய்ந்த நிலைக்குக் கொண்டுவர முடியும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ராத்திரிக்குச் சில சொட்டு என்ற அளவில் நின்றால் அதை ஏற்றுக்கொண்டு, அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டு, வண்டியை அனுபவியுங்கள்.

ஸ்டாப் லீக் ஊற்றலாமா? கெட்டி ஆயிலுக்கு மாறலாமா?

ஸ்டாப் லீக் வகைகள் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து மென்மையாக்கும். சீல் விறைத்து லேசாகக் கசிந்தால் சில மாதம் தாக்குப்பிடிக்கலாம். கிழிந்த பேக்கிங்கையும் பள்ளம் விழுந்த ஷாஃப்டையும் எந்த மருந்தும் சரிசெய்யாது. சிலர் பிரேக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் ஆயிலோடு சேரக்கூடாத திரவம் அது, ரப்பரையும் அளவு மீறிக் கெடுக்கும்.

கெட்டி ஆயில் கசிவை மெதுவாக்கும், நிறுத்தாது. மேனுவல் அனுமதிக்கும் அளவுகளுக்குள் 20டபிள்யூ40 மாதிரி ஒன்றுக்கு மாறுவதில் தவறில்லை. அதைத் தாண்டிப் போனால் காலை ஸ்டார்ட்டில் மேல்பகுதிக்கு ஆயில் ஏற நேரமாகும்.

சிந்தெடிக் ஆயில் போட்டதும் கசிவு தொடங்கியது என்பவர்களுக்கு: பெரும்பாலும் அந்த ஆயில் சீலைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே வெடித்திருந்த சீலை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த கசடைக் கரைத்துவிடுகிறது.

மெக்கானிக்கிடம் விடும்போது என்ன சொல்ல வேண்டும்?

'ஆயில் ஒழுகுது, பாருங்கண்ணே' என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்களே துடைத்து, ஓட்டி, எடுத்த படங்களைக் காட்டுங்கள். எந்தச் சீலை மாற்றப் போகிறார், அதுதான் என்று எப்படி முடிவு செய்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், டார்ச் அடித்துக் காட்டுவார். கழற்றிய பழைய சீலைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். விறைத்து வெடித்திருந்தால் வேலை சரியான இடத்தில் நடந்திருக்கிறது. விரலால் வளைத்தால் மென்மையாக வளைகிறது என்றால் கசிவு வேறெங்கோ இருக்கக்கூடும்.

வேலை முடிந்த பிறகு?

எஞ்சினை மறுபடி முழுக்கத் துடைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஓட்டியதும் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். கார்க் பேக்கிங் போட்ட இடத்தில் சூடு ஏறி இறங்கிய பின் போல்ட் லேசாகத் தளர்ந்திருக்கும், ஒரு முறை மென்மையாக முடுக்கினால் போதும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்ட வேண்டாம். இந்தியாவில் பழைய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. மூடி போட்ட கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். ஆயில் நனைந்த பனியன் வேஸ்டை ஷெட்டின் மூலையில் குவித்து வைக்காமல் மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.